கூமுட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் இடையில் 18 வருடம் பலசரக்குக் கடை நடத்தினேன். அரிசி, பருப்பைவிட அதிகம் கேள்வி கேட்டு வாங்கப்பட்ட சரக்கு முட்டைதான். "நேத்து வாங்கினதுல ரெண்டு கூமுட்டை" என்று காலையிலேயே யாராவது வந்து நிற்பார்கள். பாதி நேரம் அவர்கள் சொல்வது சரி. மீதி நேரம் நல்ல முட்டையைத் தூரப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். இப்போது கடை இல்லை. வீட்டின் பின்னால் 11 கோழியும் ஒரு சேவலும் இருக்கின்றன. கேள்விகள் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன, ஆகவே பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உடைக்காமலே முட்டை கெட்டதா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எல்லாருக்கும் தெரிந்த வழி தண்ணீரில் போடுவது. அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே ஏமாற்றும் என்பதும் தெரியும்.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வழியாக உள்ளேயிருக்கும் ஈரமும் கரியமில வாயுவும் நாளுக்கு நாள் வெளியேறும். அந்த இடத்தைக் காற்று நிரப்பும். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது குழியாகத் தெரிவது அதுதான். முட்டை பழசாக ஆக இந்த அறை பெரிதாகும், முட்டையின் எடை குறையும்.

ஆகவே ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி முட்டையை மெதுவாக விடுங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதுசு. அடியிலேயே இருந்து அகன்ற முனை மட்டும் மேலே எழும்பி நின்றால் கொஞ்சம் நாளாகிவிட்டது, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். மேலே மிதந்தால் ரொம்பப் பழசு.

நல்ல தண்ணீரில்தான் போட வேண்டும். ஊறுகாய்க்கு உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டுவிட்டு "எல்லாம் மிதக்குது" என்று ஒரு அக்கா அட்டையோடு திரும்பி வந்ததுண்டு. உப்புத் தண்ணீர் எதையும் தூக்கும்.

இன்னொன்று, தண்ணீரில் நனைத்த முட்டையைத் திரும்ப அட்டையில் அடுக்காதீர்கள். சமைக்கப் போகும்போது மட்டும் சோதியுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

மிதந்தால் கூமுட்டைதான் என்று உறுதியாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. மிதப்பது வயதைத்தான் காட்டும். மிதந்த முட்டையை உடைத்துப் பார்த்தால் நாற்றமே இல்லாமல் இருப்பதும் உண்டு. அதேபோல, ஓட்டில் கீறல் விழுந்து உள்ளே அழுக ஆரம்பித்த முட்டை நாலே நாளில் கெட்டாலும் அடியில் கிடக்கும். தண்ணீர்ச் சோதனையில் தேறிய முட்டையும் கெட்டதாக இருக்கலாம் என்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், மிதந்ததை நான் சமைப்பதில்லை. ஏழு ரூபாய்க்காக ஒரு சட்டிக் கறியைப் பணயம் வைக்க வேண்டாம்.

மொபைல் டார்ச் அடித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. அந்தக் காலத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்ததை இப்போது மொபைலில் பார்க்கிறோம். இருட்டான அறையில் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துச் சுற்றுங்கள். வெள்ளை முட்டை என்றால் உள்ளே நன்றாகத் தெரியும். காற்றறை சிறிதாக இருந்தால் புதுசு. மஞ்சள்கரு மங்கலான நிழலாக நடுவில் நின்றால் நல்லது. நிழல் தளதளவென்று ஓட்டை ஒட்டியே ஓடினால் பழசு. சிவப்பு நரம்புகளோ வட்டமாக ஒரு இரத்தக் கோடோ தெரிந்தால் கரு வளர ஆரம்பித்த முட்டை. முழுக்கக் கறுத்து வெளிச்சமே ஊடுருவாமல் இருந்தால் அழுகல். நாட்டு முட்டையின் பழுப்பு ஓட்டில் இவ்வளவு தெளிவு கிடைக்காது.

காதருகே குலுக்கிப் பார்ப்பது?

களக் களக் என்று சத்தம் கேட்டால் உள்ளே நீர்த்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் கேட்காததால் நல்லது என்று அர்த்தமில்லை. கடையில் நின்று ஒவ்வொன்றாகக் குலுக்காதீர்கள், நல்ல முட்டையும் கலங்கும்.

உடைத்த பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மூக்கு. அழுகிய முட்டையில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. மிகமிகக் கொஞ்சமாக இருந்தாலும் மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். அடுத்து நிறம். வெள்ளைக்கருவில் பச்சை ஓடியிருந்தாலோ, இளஞ்சிவப்பாக இருந்தாலோ, உள்ளே கறுத்திருந்தாலோ பாக்டீரியா குடியேறிவிட்டது. வாசனை வரவில்லை என்றாலும் கொட்டிவிடுங்கள்.

வெள்ளைக்கரு தண்ணீர்போலப் பரவி, மஞ்சள்கரு தட்டையாகி, தொட்டதும் உடைந்தால் அது பழைய முட்டை. கெட்டது என்று சொல்ல முடியாது. நாற்றமும் நிற மாற்றமும் இல்லையென்றால் நன்றாக வேக வைத்துச் சாப்பிடலாம். ஆஃப்பாயிலுக்கு ஆகாது.

எந்த முட்டையாக இருந்தாலும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மாவில் சேருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வீட்டில் கேக்குக்கு வெண்ணெயும் சீனியும் அடித்து வைத்திருந்தார்கள். ஆறாவது முட்டையை நேராக அதிலேயே உடைத்தேன். முந்திரியும் உலர் திராட்சையும்கூட ஏற்கெனவே விழுந்திருந்தன. எல்லாவற்றையும் தென்னை மூட்டில் கொண்டுபோய்க் கொட்டினோம். அது என் கடை முட்டை என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

மஞ்சள்கருவில் இரத்தப் பொட்டு இருக்கிறது. கெட்டதா?

இல்லை. கோழியின் வயிற்றில் முட்டை உருவாகும்போது சின்ன இரத்தக் குழாய் ஒன்று உடைந்ததால் வந்த பொட்டு. கரண்டி நுனியால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம். சேவலே பார்க்காத பண்ணைக் கோழியின் முட்டையிலும் வரும்.

மஞ்சள்கருவின் இரண்டு பக்கமும் முறுக்கிய வெள்ளைக் கயிறுபோல இருப்பதும் புழு அல்ல. மஞ்சள்கருவை நடுவில் பிடித்து வைக்கும் நார் அது. அது தடிப்பாகத் தெரிந்தால் முட்டை புதுசு. வெள்ளைக்கரு பால்போல லேசாகக் கலங்கி இருப்பதும் புதுமையின் அடையாளம்தான். கரியமில வாயு இன்னும் வெளியேறவில்லை. மஞ்சள்கரு வெளிறி இருப்பதற்கும் கெட்டுப்போவதற்கும் சம்பந்தமே இல்லை, கோழி தின்ற தீவனத்தின் நிறம் அது.

முட்டையில் மீன் வாடை அடிக்கிறது. இது எந்த வகைக் கேடு?

குளச்சல், முட்டம் பக்கம் உள்ளவர்கள் அதிகம் கேட்ட கேள்வி. கருவாட்டுக் கழிவையும் மீன் தலையையும் கொத்தித் தின்கிற கோழியின் முட்டையில் அந்த உளும்பு வாடை வருவது இயல்பு. கெட்டது இல்லை.

அடுத்தது, முட்டை ஓடு வாசனையை உள்ளே இழுக்கும். சக்கை (பலா) சீசனில் பழுத்த சக்கைச் சுளையைத் திறந்தபடி பிரிட்ஜில் வைத்து, பக்கத்தில் முட்டையையும் வைத்துப் பாருங்கள். மறுநாள் ஆம்லெட்டில் சக்கை மணக்கும். கருவாடு, உள்ளி, மண்ணெண்ணெய் இவற்றின் பக்கத்தில் முட்டையை வைக்கக் கூடாது. அழுகல் நாற்றம் வேறு மாதிரி இருக்கும். ஒருமுறை முகர்ந்தவருக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

வெளியில் எத்தனை நாள் வைக்கலாம்? பிரிட்ஜில் எத்தனை நாள்?

நம் கடைகளுக்கு வரும் வெள்ளை முட்டை பெரும்பாலும் நாமக்கல் முட்டை. சுமார் 400 கிலோமீட்டர் லாரியில் வந்து, மொத்தக் கடையில் இறங்கி, அப்புறம் சில்லறைக் கடைக்கு வருகிறது. உங்கள் கைக்கு வரும்போதே சில நாள் வயது ஆகியிருக்கும். சில்லறையாக வாங்கும் முட்டையில் தேதி கிடையாது. ஆகவே கடைக்காரரிடம் "லோடு என்றைக்கு வந்தது?" என்று கேளுங்கள். கேட்கிற ஆளுக்குப் பழைய அட்டையை எடுத்துக் கொடுக்க எந்தக் கடைக்காரருக்கும் கை வராது, நான் கடைக்காரனாக இருந்தே சொல்கிறேன்.

வாங்கி வந்தபின் வெளியில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பங்குனி, சித்திரை வெக்கையில் அதற்கும் குறைவு. பிரிட்ஜில் வைத்தால் மூன்று வாரத்துக்கு மேலும் தாங்கும். வெளியில் ஒரு நாளில் ஆகிற முதுமை பிரிட்ஜில் ஏறத்தாழ ஒரு வாரத்தில்தான் ஆகும் என்று ஒரு கணக்கு உண்டு.

பிரிட்ஜ் கதவில் முட்டைக்கென்றே குழி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது சரியான இடமில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடும் ஆட்டமும் படுவது அங்கேதான். உள்தட்டில், மூடிய டப்பாவில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். பிரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்து விளையாடாதீர்கள். வெளியே எடுத்ததும் ஓடு வியர்க்கும். அந்த ஈரம் கிருமிக்குப் பாதை.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது பழைய பழக்கம். உடையாமல் இருக்க நல்ல வழிதான், ஆயுள் கூடும் என்று நம்ப வேண்டாம். அதைவிட, ஓட்டில் இருக்கும் எச்சம் அரிசியில் படும். வெயில் படாத, காற்றோட்டமான மூலையில் ஒரு தனிக் கூடை போதும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை இருக்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே அடிக்கிற மாவட்டம் இது. ஈரம் ஏறிய அட்டையில் ஓட்டின்மேல் பூசணம் பூக்கும். துடைத்துவிட்டுச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள், பூசணத்தின் வேர் துளை வழியே உள்ளே போயிருக்கும்.

வாங்கி வந்ததும் கழுவி வைக்கலாமா?

வேண்டாம். முட்டை இடப்படும்போது ஓட்டின்மேல் மெல்லிய பூச்சு ஒன்று படிந்து காய்கிறது. துளைகளை அடைத்துக் காவல் காப்பது அதுதான். கழுவினால் அது போய்விடும். குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் உள்ளிருப்பது சுருங்கி, வெளி அழுக்கை அந்தத் துளைகள் வழியாகவே உறிஞ்சும். அமெரிக்காவில் பண்ணையிலேயே கழுவுகிறார்கள், ஆனால் கழுவியபின் கடைசிவரை குளிரிலேயே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக முதல்தர முட்டையைக் கழுவ அனுமதி இல்லை. நாம் கழுவிவிட்டு வெளியிலும் வைக்கிறோம், அதுதான் சிக்கல்.

எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். சமைக்கும் நேரத்தில் கழுவுங்கள். நான் முதலில் சொன்ன தண்ணீர்ச் சோதனைக்கும் இதே காரணம்தான்.

விறகுப் புரையில் நாட்டுக்கோழி ஒளித்து வைத்த முட்டை ஒரு டஜன் கிடைத்தது. எடுக்கலாமா?

என்றைக்கு இட்டது என்று தெரியாத முட்டையைச் சாப்பிட எடுக்க வேண்டாம். சேவல் இருக்கும் வீட்டு முட்டையில் கரு உண்டு. நம் ஊர் வெக்கையே அந்தக் கருவைப் பாதி உசுப்பிவிடும். மேலே கோழி வேறு உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

கூமுட்டை என்ற பெயரே அடைகோழியிடம் இருந்துதான் வந்தது. 21 நாள் அடைகாத்தும் பொரியாமல் உள்ளே கூழாகிப்போன முட்டை கூழ்முட்டை. அதுதான் வாய்வழியில் கூமுட்டை ஆனது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நம்மைத் திட்டியதற்கும் அந்த அர்த்தம்தான்: உட்கார வைத்தும் பொரியவில்லை.

கோழி வளர்ப்பவர்களுக்கு என் யோசனை இது. தினமும் முட்டையை எடுங்கள், முடிந்தால் இரண்டு வேளை. எடுத்ததும் பென்சிலால் தேதி எழுதுங்கள். அடை வைத்தால் ஏழாம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்பு ஓடாமல் தெளிவாக இருப்பதை அப்போதே விலக்கிவிடுங்கள். விலக்காமல் விட்டால் கோழியின் சூட்டில் அது அழுகி, வாயு சேர்ந்து, ஒரு நாள் அடைக்கூட்டிலேயே வெடிக்கும். மற்ற முட்டைகளும் பாழாகும். விலக்கிய முட்டையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், ஏழு நாள் கோழிச் சூட்டில் கிடந்த முட்டை அது.

தாரா (வாத்து) முட்டை சீக்கிரம் கெடுமா?

ஓடு தடிப்பு, ஆகவே சீக்கிரம் என்று சொல்ல முடியாது. ஆனால் அழுக்கு அதிகம். நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடை முடிந்ததும் மேய்ச்சலுக்கு வரும் தாராக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சேறும் தண்ணீருமாகத் திரிந்து, ஈரத் தரையிலேயே முட்டையிடும். ஓட்டில் சேறு காய்ந்து கிடந்தால் உள்ளே கிருமி போக வாய்ப்பு கூடுதல். தாரா முட்டையில் ஆஃப்பாயில் போடாதீர்கள். முழுக்க வேக வேண்டும்.

நாற்றமே இல்லை, புது முட்டைதான். அப்படியென்றால் பயமில்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாறும் முட்டையால் ஆபத்து குறைவு. அதை யாரும் சாப்பிடப் போவதில்லை. சால்மோனெல்லா என்ற கிருமி அப்படி அறிவிப்புக் கொடுக்காது. நிறம் மாறாது, நாறாது, முட்டை மிதக்காது. கோழியின் எச்சத்திலிருந்து ஓட்டில் ஒட்டலாம். கோழியின் உடம்பிலேயே கிருமி இருந்தால், ஓடு உருவாகும் முன்னாலேயே முட்டைக்குள் போய்விடும். காலையில் இட்ட முட்டையிலும் இருக்கலாம், என் வீட்டுக் கோழி முட்டையிலும் இருக்கலாம்.

புது முட்டையின் வெள்ளைக்கருவில் கிருமியைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. லைசோசைம் அதில் ஒன்று. 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் உலகுக்கு அறிவித்தது. பென்சிலினைக் கண்டுபிடித்த அதே ஆள்தான். ஆனால் சூட்டில் நாள்கணக்கில் இருந்தால் மஞ்சள்கருவைச் சுற்றிய சவ்வு தளரும், அதன் சத்து வெள்ளைக்கருவுக்குக் கசியும், கிருமிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். குளிரில் வைக்கச் சொல்வது நாற்றத்துக்காக மட்டுமல்ல.

இதற்கு ஒரே மருந்து சூடு. முட்டையின் நடுவரை 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். அடுப்படியில் தெர்மாமீட்டர் எதற்கு? வெள்ளையும் மஞ்சளும் இரண்டும் கெட்டியாக வேண்டும், அவ்வளவுதான். கலக்கியும் ஆஃப்பாயிலும் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் இவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை.

முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓட்டை உடைத்த கையோடு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுவதும், ஓட்டை வெங்காயம் நறுக்கிய பலகையில் வைப்பதும் நாம் எல்லாரும் செய்வதுதான். அங்கேதான் கிருமி கைமாறுகிறது.

வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டை கொடுக்க வேண்டும் என்கிறார்களே?

நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக ஊற்றி, அதே ஓட்டால் நல்லெண்ணெய் அளந்து கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். கூட உளுந்தங்களியும் இருக்கும். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அப்படியே இருக்கட்டும். முட்டையை அவித்துக் கொடுங்கள். சத்துக் கணக்கிலும் அதுதான் லாபம்: வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் பாதிதான் சேர்கிறது. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அம்மச்சிமாரிடம் இதைச் சொல்வது சுலபமில்லை. "நாங்க எல்லாம் குடிச்சுதான் வளந்தோம்" என்பார்கள். வாதாட வேண்டாம், முட்டையை அடுப்பில் ஏற்றிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஜிம்முக்குப் போகும் பையன்களுக்கும் இதே பதில்.

மயோனைஸ்?

குழிமந்தி, அல்ஃபாம் என்ற அரபு இறைச்சி உணவுகள் வந்தபின் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமெல்லாம் இதுவும் வந்துவிட்டது. பச்சை முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்து, சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கேரளத்தில் 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தயாரிக்கவும் வைக்கவும் விற்கவும் தடை விதித்தார்கள். வீட்டில் செய்ய ஆசை என்றால் முட்டை சேர்க்காமல் பாலில் அடித்துச் செய்யுங்கள்.

அவித்த முட்டை எத்தனை நேரம் தாங்கும்?

அவித்தால் நீண்ட நாள் தாங்கும் என்று நினைப்பது தவறு. அவிக்கும்போது ஓட்டின் பூச்சு போய்விடும், வெள்ளைக்கருவின் காவலும் வெந்துவிடும். வெளியில் இரண்டு மணி நேரம், கடும் வெயிலில் ஒரு மணி நேரம். பிரிட்ஜில் உரிக்காமல் வைத்தால் ஒரு வாரம். முட்டைக்கறிக்கும் அதே இரண்டு மணி நேரக் கணக்குதான். ஆப்பத்துக்கு வைத்த கறியை மதியம்வரை அடுப்பங்கரையில் மூடி வைக்காதீர்கள். சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில் ஏறி, காலையில் சென்னைக்குப் பக்கத்தில் பொட்டலத்தைப் பிரித்து அவித்த முட்டை சாப்பிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறியதும் சாப்பிட்டுவிடுங்கள்.

மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்தால் அது கேடு இல்லை. அதிக நேரம் அவித்ததால் இரும்பும் கந்தகமும் சேர்ந்த நிறம். உரிக்கும்போது ஓடு பிய்ந்து வந்தால் முட்டை ரொம்பப் புதுசு என்று சந்தோஷப்படுங்கள்.

கரண்ட் போய்விட்டால் பிரிட்ஜில் இருக்கும் முட்டையைக் கொட்ட வேண்டுமா?

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்தக் கேள்வி ஊர் முழுக்க இருந்தது. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து, பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. திறக்காமல் வைத்தால் பிரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் அவித்த முட்டை, முட்டைக்கறி, உடைத்து வைத்த முட்டை எல்லாவற்றையும் கொட்டுங்கள். ஓடு முழுசாக உள்ள முட்டையை அவசரமாக எறிய வேண்டாம். கடையில் அது வெளியில்தானே இருந்தது. ஓடு வியர்த்திருந்தால் துடைத்துவிட்டு, இரண்டொரு நாளுக்குள் நன்றாக வேக வைத்துத் தீர்த்துவிடுங்கள்.

கீறல் விழுந்த முட்டையைப் பாதி விலைக்குத் தருகிறார்கள்...

வாங்காதீர்கள். எப்போது கீறியது என்று விற்கிறவருக்கே தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் பையில் மோதிக் கீறியது என்றால் வேறு கதை. உடனே சுத்தமான டப்பாவில் உடைத்து ஊற்றி மூடி, பிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் சமைத்துவிடலாம்.

பிளாஸ்டிக் முட்டை வருகிறதாமே?

வரவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே இது கட்டுக்கதை என்று விளக்கம் கொடுத்துவிட்டது. ஓட்டின் உள்சவ்வு காய்ந்து காகிதம்போல உரிவதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பழைய முட்டை அப்படித்தான் இருக்கும். ஏழு ரூபாய்க்குப் பிளாஸ்டிக்கில் முட்டை செய்து விற்றால் செய்கிறவனுக்கு நஷ்டம்.

ஆலப்புழையில் பறவைக்காய்ச்சல் என்றால் இங்கே முட்டை சாப்பிடலாமா?

2014, 2021, 2024 என்று அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் வண்டிகளுக்கு மருந்து தெளித்தார்கள், என் கடையில் முட்டை விற்பனை படுத்தது. முழுக்க வேக வைத்த முட்டையில் அந்த வைரஸ் உயிரோடு இருக்காது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டாம். கோழியோ தாராவோ காரணமில்லாமல் செத்து விழுந்தால் கையால் தொடாமல் கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

தெரியாமல் கெட்ட முட்டையைச் சாப்பிட்டுவிட்டோம். என்ன செய்வது?

பதற வேண்டாம். ஒரு வாய் வைத்ததும் துப்பியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வாயைக் கொப்பளியுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம்.

சால்மோனெல்லா என்றால் 6 மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சல் வரும். நாலிலிருந்து ஏழு நாளில் தானாகவே அடங்குவதுதான் அதிகம். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். ஓஆர்எஸ் பொட்டலம் மருந்துக்கடையில் கிடைக்கும். அது இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சீனியும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கஞ்சித்தண்ணியும் நல்லது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையோ ஆன்டிபயாடிக்கையோ நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மலத்தில் இரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூன்று நாள் தாண்டியும் நிற்காத போக்கு, சிறுநீர் குறைதல், எதைக் குடித்தாலும் வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம். ஆள் துவண்டுவிட்டால் 108.

கூமுட்டையை எங்கே போடுவது?

குப்பைக்கூடையில் அப்படியே போடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்த முட்டை லேசான தட்டலிலேயே வெடிக்கும், வீடு முழுக்க நாறும். உடைக்காமல் இரண்டு பழைய பேப்பரில் சுற்றி, பையில் கட்டிப் போடுங்கள். கொல்லை இருந்தால் தென்னை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு அடிக்கு மேல் குழி எடுத்துப் புதையுங்கள். ஆழம் குறைந்தால் ராத்திரி நாயோ கீரியோ தோண்டிப் போட்டுவிடும், காலையில் பக்கத்து வீட்டு மயினி உங்களிடம்தான் வந்து நிற்பார்.

தரையில் உடைந்துவிட்டால் வெந்நீர் ஊற்றாதீர்கள். முட்டை வெந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் உப்பையோ சாம்பலையோ தூவி வழித்தெடுத்து, பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துடைத்து, கடைசியாகத்தான் சூடான தண்ணீர். பிரிட்ஜுக்குள் உடைந்தால் தட்டைக் கழற்றிக் கழுவி, ஒரு கிண்ணத்தில் சோடா உப்பு வைத்து இரண்டு நாள் விடுங்கள். கதவு ரப்பரின் மடிப்பையும் விரித்துத் துடையுங்கள்; நாற்றம் போகவே இல்லை என்று சொல்கிறவர்கள் வீட்டிலெல்லாம் மிச்சம் இருந்தது அங்கேதான்.